மூத்தோர் தடுப்பூசியின் வரவும் செலவும்

காலராவும் பிளேக்கும் பெரியம்மையும் தாம் கொண்டுபோன மனிதரின் உடலிலேயே தம் முத்திரையைப் பதித்துவிட்டுப் போவன. ஆதலால் அவற்றால் மாண்டவர்களை எண்ணுவதற்குக் கிராமத்துக் கர்ணமே போதும். இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலின் சுபாவம் வேறு. எழுபது வயதைக் கடந்த ஒருவரை அது ஐந்தாறு நாள் படுக்கையில் கிடத்திவிட்டு விலகிக்கொள்ள, அதற்குப் பின் சில நாளில் நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவாக முற்றியோ, முன்பே தளர்ந்திருந்த இருதயம் பாரம் தாங்காமல் நின்றோ அவர் காலமாகும்போது, மரணப் பதிவேட்டில் நிமோனியா என்றும் இருதய நோய் என்றும் எழுதப்படுமே தவிர, காரியத்தைத் தொடங்கி வைத்த காய்ச்சலின் பெயர் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. இப்படி மறைந்து நின்று கொல்லும் ஒரு வியாதிக்கு எதிராகச் சர்க்கார் பணம் செலவிடுவதானால், அந்தப் பணத்துக்கு எத்தனை உயிர் மீண்டது என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. முதியோருக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்பட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்ற சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது.

எண்ணும் வழியை முதலில் காட்டியவர் வைத்தியத் தொழில் நடத்தியவர் அல்லர். லண்டன் நகரத்து ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வந்த வில்லியம் ஃபார் என்பவர். 1847-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது, சாதாரணமான ஆண்டுகளில் அதே வாரங்களில் எத்தனை பேர் இறப்பது வழக்கமோ அந்த எண்ணை, காய்ச்சல் பரவிய வாரங்களில் இறந்தவர்களின் எண்ணிலிருந்து அவர் கழித்துப் பார்த்தார். மிஞ்சி நின்றவர்கள் எந்த நோயின் பெயரால் பதிவாகியிருந்தாலும், காய்ச்சலின் கணக்கில் சேர வேண்டியவர்கள் என்பது அவருடைய அனுமானம். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1963-இல், அமெரிக்காவில் ராபர்ட் செர்ஃப்லிங் இந்தக் கழித்தலை முறையான கணிதமாக ஆக்கினார். குளிர்காலத்தில் இயல்பாகவே உயர்ந்து கோடையில் தாழும் மரண ரேகை ஒன்றை வரைந்து, அதற்கு மேலே எழும்பிய பகுதியை ஃப்ளூவின் பலி என்று கொள்ளும் அந்த வழி இன்றும் கையாளப்படுகிறது.

நோய்க்குக் காரணமான வைரஸை வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர் 1933-இல் லண்டனில் பிரித்தெடுத்தனர். அதற்குத் தடுப்பு மருந்து காண வேண்டிய அவசரம் அமெரிக்கப் படைக்கு ஏற்பட்டது. 1918-இல் எதிரியின் குண்டுகளுக்கு நிகராகக் காய்ச்சலும் சிப்பாய்களை வாரிக்கொண்டு போனதை மறக்காத அந்தப் படை, இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற மிச்சிகன் பேராசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. போலியோ மருந்தால் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜோனாஸ் ஸால்க் அப்போது அவரிடம் இளம் உதவியாளர். 1943-ஆம் ஆண்டு இறுதியில், பல்கலைக்கழகங்களில் தங்கிப் பயின்ற ராணுவ மாணவர் சுமார் 12,500 பேரில் பாதிப் பேருக்கு மருந்தும் மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டுப் பார்த்ததில், வெற்று ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏழு பேரும் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரும் காய்ச்சலில் விழுந்தனர். இது செம்மையான பரிசோதனை, ஐயமில்லை. ஆயினும் அதில் கலந்துகொண்டவர்கள் அனைவரும் இருபது வயதை ஒட்டிய, நோய் நொடியற்ற வாலிபர்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் எழுந்த விவாதங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் கிடக்கிறது.

மருந்து தயாரான விதத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கருவுற்ற கோழிமுட்டையைப் பத்துப் பதினொரு நாள் அடைகாக்கும் வெப்பத்தில் வைத்து, விளக்கொளிக்கு முன் தூக்கிப் பிடித்து, உள்ளே சிவந்த நரம்புகள் கிளைத்துக் கரு உயிரோடு அசைவது தெரிந்தால், ஓட்டில் நுண்ணிய துளையிட்டு வைரஸைச் செலுத்தித் துளையை மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் சென்றபின் முட்டையைக் குளிரவைத்து, மேல் ஓட்டை நீக்கி, கருவைச் சூழ்ந்த நீரை உறிஞ்சி எடுத்து, அதில் கோடி கோடியாகப் பெருகியிருக்கும் வைரஸை ஃபார்மலினால் செயலறச் செய்து சுத்திகரித்தால் அதுவே தடுப்பு மருந்து. ஒரு மனிதருக்கு ஒரு முட்டை என்பது ஏறக்குறைய நெடுங்காலக் கணக்கு. அம்மை குத்திக்கொண்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இந்த ஊசியோ அப்படிப்பட்டதன்று. 1947-இல் வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் காத்த மருந்து முற்றிலும் பயனற்றுப் போயிற்று. அன்று முதல், மாறும் வைரஸுக்குத் தக்கபடி மருந்தையும் மாற்றி, ஆண்டுதோறும் ஊசி போட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏற்பட்டது. செலவும் ஆண்டுதோறும் திரும்பி வருவதாயிற்று.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹாங்காங் நகரத்து ஆஸ்பத்திரிகளின் வாசலில் நோயாளிகள் வரிசை கட்டி நின்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்த மாரிஸ் ஹில்மன் என்ற அமெரிக்க ராணுவ விஞ்ஞானி, அங்கிருந்து வைரஸைத் தருவித்து, பல வயதினரின் ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்தார். எவருடைய ரத்தத்திலும் அதை எதிர்க்கும் சக்தி காணப்படவில்லை. 1889-ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சலில் பிழைத்து எழுபதையும் எண்பதையும் எட்டியிருந்த சில கிழவர்களின் ரத்தத்தில் மட்டும் அது இருந்தது. உலகம் முழுதும் இந்நோய் பரவப் போகிறது என்று உணர்ந்த அவர், சேவல்களை அறுத்துவிட வேண்டாம் என்று கோழிப்பண்ணைக்காரர்களுக்கு உடனே தெரிவிக்குமாறு மருந்துக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். சேவல் இன்றேல் கருவுற்ற முட்டை இல்லை, முட்டை இன்றேல் மருந்தும் இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில், நோய் கண்ட ஒரு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியும், அவர்களுக்குப் பணிவிடை செய்த நர்சுகளுக்குத் தொற்றிக்கொண்டு, மூன்று மாதங்களுக்குள் இந்தியா முழுவதும் காய்ச்சல் பரவிவிட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்ஸா கேந்திரம் தொகுத்த கணக்கின்படி, 1958 பிப்ரவரிக்குள் நம் தேசத்தில் நோயுற்றதாகப் பதிவானவர்கள் சுமார் 44 லட்சம்; இறந்ததாகப் பதிவானவர்கள் 1,100 பேர். ஃபார் கையாண்ட கழித்தலைச் செய்வதற்குச் சகல மரணங்களும் ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நிலை அன்று நம் நாட்டில் இல்லாதபடியால், நோயின் பெயராலேயே பதிவானவர்களை மட்டும் கொண்ட இந்தச் சிறு எண்ணை உண்மைப் பலியாகக் கொள்வதற்கில்லை.

அமெரிக்காவில் அந்தக் கழித்தலைச் செய்து பார்த்தபோது, 1957 முதல் 1960 வரை அடித்த அலைகளில் அதிகப்படியாக இறந்தவர்கள் சுமார் 86,000 பேர் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள் என்றும் தெரியவந்தது. தேசத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த லெராய் பர்னி அதைக் கண்டு வாளாவிருக்க மனமின்றி, 65 வயதுக்கு மேற்பட்ட அனைவரும், இருதய நோய், நுரையீரல் நோய் போன்ற நாட்பட்ட வியாதியுள்ளவர்களும், கர்ப்பிணிகளும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று 1960-இல் பரிந்துரைத்தார். கருணையால் பிறந்த யோசனை அது. ஆனால் அதற்கு ஆதாரமாக நின்றவை வாலிபச் சிப்பாய்களிடம் நடத்திய பரிசோதனைகளே. மூப்பினால் எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் அதே மருந்து அதே அளவு வேலை செய்யுமா என்பதை அதுவரை யாரும் முறைப்படி சோதித்திருக்கவில்லை. தொற்று நோய்க் கண்காணிப்பில் அந்நாட்டின் தலைசிறந்த நிபுணராகிய அலெக்சாண்டர் லாங்முயர் 1964-இலேயே இதைச் சுட்டிக்காட்டி, தக்க ஆதாரம் கிடைக்கும் வரை இத்திட்டத்தை இப்படியே நீட்டித்துச் செல்வது நியாயமா என்று கேட்டார். அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைப்பதற்கு வழியும் அடைபட்டுக்கொண்டிருந்தது. மூத்தோருக்கு நன்மை தரும் என்று சர்க்காரே பரிந்துரைத்துவிட்ட மருந்தை, பரிசோதனைக்காக அவர்களில் பாதிப் பேருக்குக் கொடாமல் நிறுத்தி வைப்பது தர்மமாகாது என்று வைத்தியர்கள் கருதினர். நிரூபணத்துக்கு முன்னே வந்த பரிந்துரை நிரூபணத்துக்கே தடையாகிவிட்டது. இந்த வரலாற்றில் மற்ற எதைக் காட்டிலும் என் மனத்தை வருத்துவது இதுவே.

பணத்தின் பக்கம் பார்த்தால் விசித்திரம் இன்னும் அதிகம். 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர் சட்டம், 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆஸ்பத்திரிச் செலவைச் சர்க்கார் ஏற்கும்படி செய்தது. ஆனால் வந்த நோய்க்குச் சிகிச்சை செய்ய மட்டுமே அதில் இடமிருந்தது, வருமுன் காப்பதற்கு இடமில்லை. ஃப்ளூ முற்றி நிமோனியாவாகிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழவரின் பெரிய பில்லுக்குப் பணம் கொடுத்த அதே சர்க்கார், அந்த நிலை வராமல் தடுக்கக்கூடிய ஊசியின் சில டாலர்களை அவரே தம் பையிலிருந்து கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தது. இந்த முரண்பாடு நீங்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

இடையில் 1976-இல், ஒரு ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தென்பட்டதைக் கண்டு அஞ்சி, ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு தேசத்து ஜனங்கள் அனைவருக்கும் ஊசி போட 13.5 கோடி டாலர் கேட்டுப் பெற்றார். நான்கு கோடிப் பேருக்கு மேல் போட்டு முடித்த நிலையில், சிலருக்குக் கைகால் முடங்கும் கியான்-பாரே நோய் கண்டதால் டிசம்பரில் திட்டம் நின்றது. அஞ்சிய கொள்ளை நோயோ வரவேயில்லை. அந்தக் கசப்புக்குப் பின் தடுப்பூசிக்குப் பணம் கேட்டு வருபவர் கணக்கையும் உடன்கொண்டு வர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்கச் சட்டசபையான காங்கிரஸின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1981-இல் வெளியிட்ட அறிக்கை அவ்விதம் பிறந்ததாகும். வயது வாரியாக ஊசியின் செலவையும் அதனால் மிச்சமாகும் சிகிச்சைச் செலவையும் எதிரெதிரே எழுதி, ஓர் ஆரோக்கியமான ஆயுள் ஆண்டைப் பெற எத்தனை டாலர் ஆகிறது என்று அது கணக்கிட்டது. சிறு குழந்தைகளுக்கு அச்செலவு அதிகமாகவும், வயது ஏற ஏறக் குறைவாகவும் வந்து, 65-ஐத் தாண்டியவர்களிடம் செலவே இல்லாமல் மிச்சமாகவே முடிந்தது.

அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஃப்ளூவிலிருந்து பிழைத்த முதியவர் அதன்பின் வாழும் ஆண்டுகளில் வேறு நோய்களுக்காக வைத்தியம் செய்துகொள்வார் அல்லவா, அந்தச் செலவையும் ஊசியின் பற்றிலேயே எழுத வேண்டாமா என்ற கேள்வியை எழுப்பி, அப்படி எழுதியும் பார்த்தார்கள். உடனே மிச்சம் மறைந்து செலவு தோன்றிவிட்டது. தர்க்க சாஸ்திரப்படி இதில் குற்றம் காண்பது கடினம். ஆயினும் ஒரு மனிதர் உயிரோடிருப்பதையே நஷ்டத்தின் பக்கத்தில் பதியும் பேரேட்டை முதியோர் நலனுக்கு அளவுகோலாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. பாதி வழியில் நின்றுபோகும் உயிர்களால் வரும் சிக்கனத்தைச் சிக்கனம் என்று சொல்லும் கணக்குக்கு எல்லையே கிடையாது. அதன் முடிவான லட்சியம் அனைவரும் சீக்கிரம் இறந்துபோவதாகத்தான் இருக்க முடியும்.

1987 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் மூலம் காங்கிரஸ் ஒரு நடைமுறைச் சோதனைக்கு உத்தரவிட்டது. 1988 முதல் 1992 வரை, பாஸ்டன் மாநகரைக் கொண்ட மாசச்சூசெட்ஸ் மாநிலம், நியூயார்க்கின் மன்ரோ மாவட்டம் முதலிய பத்து இடங்களில் மெடிகேர் நிர்வாகமே மருந்தை வாங்கிக் கொடுத்து, ஊசி போடும் கூலியையும் ஏற்றுக்கொண்டது. செலவுக்கு ஏற்ற பயன் உண்டென்று கண்டால் அது நிரந்தர உரிமையாகும் என்பது ஏற்பாடு. ஊசி போட்டுக்கொள்வோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிற்று. பயன் உண்டென்று தீர்ப்பாகி, 1993 மே மாதம் முதல் தேதியிலிருந்து அமெரிக்க முதியோர் ஒவ்வொருவருக்கும் ஃப்ளூ ஊசி இலவசமாயிற்று. அடுத்த ஆண்டே, மின்னியாபொலிஸ் வட்டாரத்தில் ஒரு மருத்துவக் காப்புத் திட்டத்தைச் சேர்ந்த முதியோர் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மூன்று குளிர்காலங்கள் கவனித்த கிறிஸ்டின் நிக்கல் என்ற மருத்துவர், ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே நிமோனியா, ஃப்ளூ ஆகியவற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றும், எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணமே 39 முதல் 54 சதவீதம் வரை குறைந்தது என்றும், தலைக்கு ஆண்டுதோறும் 117 டாலர் மிச்சமாயிற்று என்றும் எழுதினார். உயிரையும் காத்துப் பணத்தையும் மீதப்படுத்தும் மருந்து என்ற கீர்த்தி உலகெங்கும் பரவியது. இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டில் 65 வயதானோர் அனைவருக்கும் ஊசியை விரிவாக்கியது.

இந்தக் கீர்த்தியின் அஸ்திவாரத்தை அசைத்தவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் லோன் சைமன்சன் என்ற அம்மையார். 1980-க்கு முன் நூற்றுக்குப் பதினைந்து முதியோரே ஊசி போட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவில் 2001-இல் அத்தொகை அறுபத்தைந்தாக உயர்ந்திருக்க, ஃபார் காட்டிய வழியில் கழித்துப் பார்த்தால் குளிர்காலத்து அதிகப்படி மரணம் அதற்கேற்பக் குறைந்திருக்கவில்லை என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் காட்டினர். முதியோரின் குளிர்கால மரணங்களில் ஃப்ளூவின் பங்கே பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும்போது, ஃப்ளூவை மட்டும் தடுக்கும் ஒரு மருந்து மொத்த மரணத்தில் பாதியைத் தடுத்தது என்பது எப்படிப் பொருந்தும் என்ற அவர்களுடைய வினா, எழுத்துக் கூட்டி வாசிக்கும் சிறுவனுக்கும் விளங்கக்கூடியது. எனினும் பத்தாண்டுகளாக அதை யாரும் உரக்கக் கேட்கவில்லை.

மறு ஆண்டு சியாட்டில் நகரத்தில் லிசா ஜாக்சனும் அவரோடு உழைத்தவர்களும் விடையைக் கண்டார்கள். அவர்கள் செய்த காரியம் மிகவும் எளிமையானது: ஃப்ளூ ஊருக்குள் வருவதற்கு முந்திய இலையுதிர்கால வாரங்களில், ஊசி போட்டுக்கொண்டவர்களும் போட்டுக்கொள்ளாதவர்களும் எந்த விகிதத்தில் இறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வைரஸே இல்லாத அந்த நாட்களில் ஊசி எதையும் தடுத்திருக்க முடியாது; ஆயினும் ஊசி போட்டுக்கொண்டவர்களின் மரண விகிதம் மற்றவர்களுடையதைவிட அறுபது சதவீதம் குறைவாக இருந்தது. ஃப்ளூ பரவிய மாதங்களில் இந்த வித்தியாசம் பெருகுவதற்குப் பதிலாகச் சுருங்கிற்று. உண்மை இதுதான்: தாமே எழுந்து நடந்து, பஸ் ஏறி, வைத்தியரிடம் வந்து கையை நீட்டக்கூடிய முதியவர் அந்த ஆண்டு இறக்கும் நிலையில் இல்லாதவர், இன்னும் சில வாரமே இருப்பார் என்று குடும்பத்தார் அறிந்த முதியவரை ஊசிக்காக யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பழனி மலைப்படிகளை ஏறி வந்த வயோதிகர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, படியேறியதால்தான் இவர்களுக்கு ஆயுள் கெட்டி என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பாக இருந்திருக்கிறது பழைய கணக்கு. தலைக்கு 117 டாலர் மிச்சம் என்ற பெருமையிலும் ஒரு பெரும்பகுதி இவ்வாறு படியேற வல்லவர்களின் சொந்த ஆரோக்கியமே.

கீழ்த்திசையில் ஜப்பான் இதற்குள் வேறொரு வழியை நடந்து பார்த்துவிட்டது. முதியோரை விட்டு, நோயை வீட்டுக்குள் கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கே 1962 முதல் அங்கே ஊசி போட்டு வந்தனர். 1977-இல் அது கட்டாயமாயிற்று. பக்க விளைவுகளைக் குறித்த வழக்குகளும் மருந்தின் பலனைக் குறித்த சந்தேகங்களும் பெருகவே, 1987-இல் பெற்றோர் விரும்பினால் மறுக்கலாம் என்று தளர்த்தி, 1994-இல் திட்டத்தையே கைவிட்டனர். கைவிட்ட பின்னரே அதன் பலன் தெரிந்தது போலும். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலம் முழுவதும் தாழ்ந்திருந்த முதியோரின் குளிர்கால மரணம், நிறுத்தியதும் மேலே ஏறிற்று. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்கள் வரை அத்திட்டம் காத்திருக்க வேண்டும், ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் மீண்டிருக்கிறது என்று 2001-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறியது. இதிலும் முழு நம்பிக்கை வைத்துவிட நான் துணியேன். முப்பது ஆண்டுகளில் ஜப்பானில் மாறியது ஊசி மட்டும் அன்று, ஜனங்களின் வருமானமும் வீடுகளும் குடும்பமும் மாறின. ஆனால் பேரனுடைய கையில் போட்ட ஊசியின் பலனைத் தாத்தாவின் கணக்கில் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கப் பேரேடுகளில் அதுவரை இடம்பெறாத ஒன்று. அதற்காகவே அந்த ஆராய்ச்சியை மதிக்கிறேன்.

எனில், முதியோருக்கு ஊசி வீண்தானா என்று கேட்பவர்களுக்கு வீண் அன்று என்று திடமாகவே சொல்லலாம். ஆரோக்கியமான முதியோர் அனைவருக்கும் ஊசி என்ற பரிந்துரை அதுவரை எழாதிருந்த நெதர்லாந்தில், 1991-92 குளிர்காலத்தில், அறுபது வயதைத் தாண்டிய 1,838 பேரைக் குலுக்குச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று ஊசியும் போட்டார்கள். ரத்தச் சோதனையில் ஃப்ளூ கண்டவர்கள் வெற்று ஊசிப் பிரிவில் நூற்றுக்கு ஒன்பது பேர், மருந்து பெற்ற பிரிவில் நான்கு பேர். மரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்தத் தொகை போதாதெனினும், நோயைப் பாதியாகக் குறைக்கிறது என்பது இதில் பிரத்தியட்சம். மலிவான மருந்து பாதிப் பயன் தந்தாலும் செலவுக்கு நியாயம் கிடைத்துவிடும். அந்த நியாயத்தைச் சொன்னாலே போதுமாயிருக்க, மரணமே பாதியாயிற்று என்று சொல்லப் போய், உண்மை வெளிப்பட்டபோது நல்ல மருந்தின் மேல் அவநம்பிக்கை விழும்படி ஆயிற்று.

மூப்பினால் மந்தமான எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்ப, வழக்கமான அளவைப் போல் நான்கு மடங்கு சத்துச் சேர்த்த ஊசி ஒன்றுக்கு அமெரிக்கா 2009-இல் அனுமதி அளித்தது. 31,989 முதியோரிடம் குலுக்குச் சீட்டு முறையில் சோதித்ததில், சாதாரண ஊசியைவிட அது 24 சதவீதம் அதிகமாக ஃப்ளூவைத் தடுத்தது என்று 2014-இல் அறிவித்தனர். விலையும் சாதாரண ஊசியினுடையதைவிடப் பன்மடங்கு. அந்த விலைக்கு ஏற்றபடி ஆஸ்பத்திரிப் படுக்கைகள் காலியாகின்றனவா என்று அறிய டென்மார்க் தேசம் முற்பட்டது. அங்கே ஒவ்வொரு பிரஜையின் ஆஸ்பத்திரி வரவும் மரணமும் தேசியப் பதிவேடுகளில் தவறாமல் ஏறிவிடுவதால், 65 வயதுக்கு மேற்பட்ட மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, 2022 முதல் 2025 வரை மூன்று குளிர்காலங்கள் அந்தப் பதிவேடுகளையே பார்த்து வந்தனர். நிமோனியாவோ ஃப்ளூவோ கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அவர்களிடையே கண்ட வித்தியாசம் தற்செயலானது அன்று என்று நிச்சயித்துச் சொல்லும்படி இல்லை. லாங்முயர் கேட்ட தரத்தில், அவர் கேட்டு அறுபத்தோராண்டு கழித்துக் கிடைத்த அந்த விடை, ஒரு ஊசியையும் மற்றோர் ஊசியையும் ஒப்பிட்டதே. ஊசியையும் ஊசியின்மையையும் அந்த அளவில் ஒப்பிட்ட கணக்கு இதுவரை எந்தத் தேசத்திலும் எழுதப்படவில்லை.